மூச்சைப் பிடியுங்கோ

கிழமையில் ஐந்து நாளும் நான் சொல்லும் வசனம் அது.
ஆஸ்பத்திரியின் பதினெட்டாம் அறையில்
குளிர்ந்த தட்டோடு நெஞ்சை ஒட்டி நிற்பவர்களுக்கு:
நாடியை உயர்த்துங்கோ, தோளை முன்னுக்குத் தள்ளுங்கோ,
மூச்சை இழுத்துப் பிடியுங்கோ.
சரி. இனி விடலாம்.

ஞாயிறு, மாதகலில், எனக்குச் சொல்லப்படுவது நேரெதிர்.
"டொக்டர், கீழ என்ன வந்தாலும்
மூச்சை மட்டும் பிடிக்கப்படாது."
நான் டொக்டர் இல்லை, எக்ஸ்ரே எடுக்கிறவள் என்று
ஏழு தரம் சொல்லிவிட்டேன்.
றெஜினோல்டுக்கு வெள்ளைக் கோட்டெல்லாம் ஒன்றுதான்.

பங்குனிக் கடல். நாலு பாகம் ஆழம்.
முருகைக்கல்லின் இடுக்கில் அவன் விரல் காட்டிய இடத்தில்
கறுத்த பாசிக் கட்டி ஒன்று.
இதற்கா கூட்டி வந்தாய் என்று திரும்பினேன்.
திரும்பிப் பார்த்தபோது கட்டி ஒரு விரற்கடை தள்ளியிருந்தது.
நடந்தது என்று சொல்ல முடியாது.
இருந்த இடத்தில்
கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒரு தரம் ஒளியை அடித்தேன்.
இரண்டு பக்கமும் சதைப் போர்வை வழிந்து இறங்க
நடுவில், இப்போதுதான் கழுவி வைத்தது போல,
சோழி.

எங்கள் அலுமாரியில் ஆறு கிடக்கின்றன, தாயத்துக்கு.
மல்லாந்தால் ஒன்று, கவிழ்ந்தால் ஒன்றுமில்லை என்று
எத்தனை மத்தியானம் எண்ணியிருப்பேன்.
அந்த மினுக்கம் கல்லின் குணம் என்றுதான் எண்ணம்.
தன் ஓட்டைத் தானே பகல் இரவாய்ப் போர்த்தித்
தடவித் தடவி
ஒரு உடம்பு செய்த வேலை அது.
பல்வரிசை என்று நான் நினைத்தது
வாசல்.

விளக்கைச் சிவப்புக்கு மாற்றிக் காத்திருந்தேன்.
போர்வை திரும்ப ஏற ஆறு நிமிடம்.
காற்றின் முள் நூற்றுப்பத்தில்.
பக்கத்து மணலில் கூம்பு நத்தை ஒன்று
குழலை நீட்டி எங்களை மணந்தது.
கிட்டப் போன என் மணிக்கட்டை
றெஜினோல்ட் பிடித்து இழுத்தான்.
அதற்கு ஊசி உண்டு; குத்தினால்
என் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை.

பிறகுதான் அவன் கை பழக்கத்துக்குப் போனது.
பதினாலு வருடம் சங்கு குளித்த கை.
அடுத்த கல்லின் கீழிருந்த சோழியை
உதிர்ந்த பொத்தானை எடுப்பது போல எடுத்தது.
அது இருந்த இடத்தில்
மங்கிய மஞ்சளில், அரிசிமணி அரிசிமணியாய், முட்டைகள்.
அடைகாத்திருக்கிறது.
இத்தனை நேரம் அசையாதது ஏன் என்று
அப்போதுதான் விளங்கியது.

அவன் என்னைப் பார்த்தான்.
முகமூடிக்குள் கண் மட்டும்.
பிறகு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்து
எடுத்த திசைக்கே அதன் முகத்தை வைத்து,
மெல்ல அழுத்தி,
விரல்களை நெஞ்சில் துடைத்துக்கொண்டான்.
நீருக்குள் எதைத் துடைப்பது.

அந்தக் கணத்தை எடுக்க
நான் மூச்சைப் பிடித்தேன்.
பிடித்தால் உடம்பு மேலெழும்.
சோழியும் முட்டையும் கலங்கிப் போய்
துல்லியமாய் விழுந்தது அவன் கட்டைவிரல் நகம்.
அதன் ஓரத்தில் பழைய வெட்டு.

படகில் பிஸ்கட் பைக்கற்றை உடைத்துக்கொண்டே
யாரையும் பார்க்காமல் சொன்னான்:
"சங்குக்கு ஒரு வளையம் இருக்கு, டொக்டர்.
அதுக்குள்ளால போனா திரும்பக் கடலுக்கு.
போகாட்டி காசு.
அவ்வளவுதான் நாங்கள் பாத்தது."
நான் டொக்டர் இல்லை என்று
அன்றைக்குச் சொல்லவில்லை.

திங்கள் காலை முதல் ஆள்
அளவெட்டிப் பக்கத்து சைக்கிள் கடைக்காரர்,
மூன்று கிழமை இருமல்.
நாடியை உயர்த்தினார். தோளைத் தள்ளினார்.
மூச்சைப் பிடியுங்கோ என்றேன்.
படம் திரையில் வந்தது.
விலா எலும்புகளின் வரி, அதற்கு உள்ளே
பஞ்சு போல ஏதோ,
அதைப் பார்த்தபடியே இருந்துவிட்டேன்.

இனி விடலாம் என்று சொல்ல மறந்துபோனது.
கண்ணாடிக்கு அங்கால் அந்த மனிதர்
நெஞ்சு நிறையக் காற்றோடு
கண்ணை மூடிக்கொண்டு
இன்னும் நின்றுகொண்டிருந்தார்.